ரீயூனியன் தீவின் கடற்கரைச் சுற்றுச்சாலை

ரீயூனியன் தீவின் கடற்கரைச் சுற்றுச்சாலை என்பது, இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே அமைந்துள்ள எரிமலைத் தீவான ரீயூனியனைக் கரையோரமாக முழுவதும் சுற்றி வரும் நெடுஞ்சாலை ஆகும். இது தனியொரு சாலை அன்று. வடக்கிலுள்ள தலைநகர் செயிண்ட் டெனியில் தொடங்கி மேற்குக் கரை வழியாகத் தெற்கிலுள்ள செயிண்ட் பியேர் நகரை அடைவது தேசிய நெடுஞ்சாலை 1 ஆகும். அதே செயிண்ட் டெனியில் தொடங்கிக் கிழக்குக் கரை வழியாகச் செயிண்ட் பியேரை அடைவது தேசிய நெடுஞ்சாலை 2 ஆகும். இவ்விரண்டும் இணைந்து சுமார் 200 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு வளையமாக அமைகின்றன.

தீவின் மக்களுள் பெரும்பான்மையோர் இந்த வளையத்தை ஒட்டிய கரையோரப் பட்டையிலும் அதற்கு மேலுள்ள சரிவுகளிலுமே வாழ்கின்றனர். துறைமுகம், வானூர்தி நிலையம், சர்க்கரை ஆலைகள், மருத்துவமனைகள் ஆகியவற்றை இணைப்பதும் இச்சாலையே. எனவே இது காட்சி இன்பத்திற்கான சாலை மட்டுமன்று. தீவின் உயிர்நாடியும் ஆகும். ஆயினும் இவ்வளையம் இரண்டு இடங்களில் மீண்டும் மீண்டும் அறுபட்டு வந்துள்ளது. தென்கிழக்கில் எரிமலைக் குழம்பும், வடமேற்கில் செங்குத்துப் பாறைகளிலிருந்து விழும் கற்களும் இதற்குக் காரணங்களாகும்.

புவியியல் பின்னணி

ரீயூனியன் சுமார் 2,512 சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்டது. மொரிசியசுக்குத் தென்மேற்கே அமைந்துள்ளது. 1946 முதல் பிரான்சின் கடல்கடந்த மாவட்டமாக இருந்து வருகிறது. கடலடியிலிருந்து எழுந்த இரண்டு எரிமலைகள் இத்தீவை உருவாக்கின. நடுவிலுள்ள பித்தோன் தெ நேஜ் 3,070 மீட்டர் உயரமுடையது. நெடுங்காலமாக உறங்கிக் கிடப்பது. தென்கிழக்கிலுள்ள பித்தோன் தெ லா ஃபுர்னேஸ் சுமார் 2,630 மீட்டர் உயரமுடையது. உலகின் மிகவும் உயிர்ப்புள்ள எரிமலைகளுள் ஒன்றாகக் கருதப்படுவது.

பித்தோன் தெ லா ஃபுர்னேசின் உச்சிப்பகுதி சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உள்வாங்கிச் சரிந்தது. அதனால் குதிரை லாட வடிவில் ஒரு பெரும் பள்ளம் உண்டானது. மூன்று பக்கமும் உயர்ந்த பாறைச் சுவர்களும், கிழக்கே கடலை நோக்கித் திறந்த வாயிலும் உடைய இப்பள்ளம் "அடைப்பு" எனப் பொருள்படும் பெயரால் வழங்கப்படுகிறது. வெடிப்புகளில் பெரும்பாலானவை இதனுள்ளேயே நிகழ்கின்றன. வெளிப்படும் குழம்பு சுவர்களைத் தாண்ட இயலாமல், கிழக்குச் சரிவில் இறங்கிக் கடலை நோக்கிப் பாய்கிறது. இச்சரிவின் அடிவாரத்தில் கடலோரமாக உள்ள நிலமே கிரான் புரூலே ஆகும். இப்பெயருக்குப் "பெரிய எரிந்த நிலம்" என்று பொருள். தேசிய நெடுஞ்சாலை 2 இந்நிலத்தைக் குறுக்கே கடந்து செல்கிறது. சாலையின் இப்பகுதி "எரிமலைக் குழம்புச் சாலை" என்றே அழைக்கப்படுகிறது.

தீவின் நடு மலைகள் தென்கிழக்கிலிருந்து வீசும் வணிகக் காற்றைத் தடுக்கின்றன. ஆதலால் கிழக்குக் கரை மழை மிகுந்தும் மேற்குக் கரை வறண்டும் காணப்படுகின்றன. கிழக்கே செயிண்ட் ரோஸ் பகுதியின் மேட்டு நிலங்களில் ஆண்டுக்கு 10,000 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. மேற்குக் கரையின் சில இடங்களில் இது 600 மில்லிமீட்டரைக் கூட எட்டுவதில்லை. சுற்றுச்சாலையில் பயணம் செய்பவர் ஒரே நாளில் இவ்விரு தட்பவெப்பங்களையும் காணலாம்.

வரலாறு

வடமேற்கில் செயிண்ட் டெனிக்கும் லா பொசெசியோனுக்கும் இடையே கடலிலிருந்து நேராக எழும் பாறைச் சுவர் அமைந்துள்ளது. சில இடங்களில் இதன் உயரம் 200 மீட்டர் வரை உள்ளது. சாலை வருவதற்கு முன்னர், இச்சுவருக்கு மேலே மலை மீது கருங்கல் பாவிய பாதை ஒன்றே தரைவழியாக இருந்தது. 1810-ஆம் ஆண்டு தீவைக் கைப்பற்ற வந்த ஆங்கிலேயப் படையினர் பயன்படுத்தியமையால் இது "ஆங்கிலேயர் பாதை" எனப் பெயர் பெற்றது. இன்றும் மலையேற்றம் செய்வோர் இதில் நடந்து செல்கின்றனர்.

1882-ஆம் ஆண்டு செயிண்ட் பெனுவாவிலிருந்து செயிண்ட் டெனி வழியாகச் செயிண்ட் பியேர் வரை சுமார் 126 கிலோமீட்டர் நீளத் தொடர்வண்டிப் பாதை திறக்கப்பட்டது. பாறைச் சுவரைக் கடக்க 10 கிலோமீட்டருக்கும் மேலாகச் சுரங்கவழி குடையப்பட்டது. இந்தத் தொடர்வண்டிப் பாதை கூட வளையமாக அமையவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அது தீவின் வடக்கு, மேற்குப் பகுதிகளைச் சுற்றி வந்து நின்றுவிட்டது. எரிமலையின் அடிவாரமான தென்கிழக்கிற்குத் தண்டவாளம் ஒருபோதும் செல்லவில்லை.

1963-ஆம் ஆண்டு பாறைச் சுவரின் அடியில், கடலை ஒட்டி, இருவழிச் சாலை திறக்கப்பட்டது. தொடர்வண்டிச் சேவையும் அக்காலத்திலேயே முடிவுக்கு வந்தது. 1976-இல் இச்சாலை நான்கு வழிகளாக அகலப்படுத்தப்பட்டது. 2009-ஆம் ஆண்டு மேற்கே செயிண்ட் பாலுக்கும் எதாங் சாலேவுக்கும் இடையே சுமார் 34 கிலோமீட்டர் நீளமுள்ள "புளிய மரச் சாலை" திறக்கப்பட்டது. இது கடலை விட்டு விலகி, சரிவின் இடைப்பகுதியில், ஆழமான பள்ளத்தாக்குகளை உயர்ந்த பாலங்களால் கடந்து செல்கிறது. பழைய கரையோரச் சாலை கடற்கரை ஊர்களுக்கான சாலையாகத் தொடர்கிறது.

வழித்தடம்

கீழே, செயிண்ட் டெனியில் தொடங்கிக் கடிகாரச் சுற்றில் (கிழக்கு, தெற்கு, மேற்கு, வடக்கு என) வழித்தடம் விவரிக்கப்படுகிறது.

வடகிழக்கு: கரும்பும் வனிலாவும்

தலைநகரைத் தாண்டியதும் சாலையின் இருபுறமும் கரும்பு வயல்கள் தொடங்குகின்றன. தீவில் எஞ்சியுள்ள இரண்டு சர்க்கரை ஆலைகளுள் ஒன்றான புவா ரூழ், செயிண்ட் அந்திரேயில் உள்ளது. மற்றொன்றான லெ கோல் தென்மேற்கில் செயிண்ட் லூயியில் உள்ளது. செயிண்ட் சுசான் நகரம் வனிலாவின் வரலாற்றில் தனியிடம் பெற்றதாகும். 1841-ஆம் ஆண்டு, அடிமையாகப் பிறந்த எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயதுச் சிறுவன், வனிலா மலரைக் கையால் மகரந்தச் சேர்க்கை செய்யும் எளிய முறையை இங்குதான் கண்டறிந்தான். உலகின் வனிலாத் தோட்டங்களில் இன்றளவும் அம்முறையே பின்பற்றப்படுகிறது.

செயிண்ட் ரோஸ் எல்லையில் கிழக்கு ஆற்றின் மீது 1894-இல் திறக்கப்பட்ட தொங்குபாலம் ஒன்று உள்ளது. புதிய பாலம் கட்டப்பட்ட பின்னர் இது நடைப்பாலமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

தென்கிழக்கு: எரிமலை நிலம்

பித்தோன் செயிண்ட் ரோஸ் என்னும் ஊரில், சாலையோரமாக ஒரு தேவாலயம் உள்ளது. 1977 ஏப்ரலில் நிகழ்ந்த வெடிப்பு, வழக்கத்திற்கு மாறாக, அடைப்புக்கு வெளியே ஏற்பட்டது. குழம்பு ஊருக்குள் புகுந்து சாலையையும் பல வீடுகளையும் அழித்தது. தேவாலயத்தின் வாயிற்படியை அடைந்த குழம்பு, இரண்டாகப் பிரிந்து கட்டடத்தின் இருபுறமும் ஓடி உறைந்தது. உயிரிழப்பு ஏதும் ஏற்படவில்லை. இத்தேவாலயம் இன்று "எரிமலைக் குழம்பு மாதா" ஆலயம் என அழைக்கப்படுகிறது. உறைந்த கருங்குழம்பு அதன் சுவர்களை ஒட்டி இன்றும் காணப்படுகிறது.

புவா பிளான் என்னும் சிற்றூருக்குப் பின் சாலை அடைப்பின் வடக்குச் சுவரில் இறங்கிக் கிரான் புரூலேயினுள் நுழைகிறது. இங்கு குடியிருப்புகள் கிடையா. ஒவ்வொரு குழம்புப் பாய்வின் ஓரத்திலும் அது வந்த ஆண்டைக் குறிக்கும் பலகை நடப்பட்டுள்ளது. இப்பலகைகளை வரிசையாகக் காணும்போது, வெற்றுப் பாறை காடாக மாறும் முறையையும் கற்றுக்கொள்ளலாம். புதிய பாறையில் முதலில் சாம்பல் நிறப் பாசிக்காளான் படர்கிறது. பின்னர் விரிசல்களில் பெரணிகளும், அதன்பின் புதர்களும் மரங்களும் தோன்றுகின்றன. அயல்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட சவுக்கு மரங்கள் பல இடங்களில் உள்நாட்டு மரங்களை முந்திக்கொண்டு வளர்ந்துவிடுகின்றன.

அடைப்பின் தெற்குச் சுவரை ஏறிக் கடந்ததும் திராம்பிளே என்னும் சிற்றூர் வருகிறது.

தெற்கு: முரட்டுக் கரை

செயிண்ட் பிலிப் முதல் செயிண்ட் ஜோசப் வரையுள்ள கரை, கருமையான பாறை முனைகளும் ஓங்கி மோதும் அலைகளும் கொண்டது. கடல் மிகவும் கொந்தளிப்பானது, குளிப்பதற்கு ஏற்றதன்று. இங்கு தாழை இனத்தைச் சேர்ந்த வக்குவா மரங்கள் மிகுதியாக வளர்கின்றன. முற்காலத்தில் சர்க்கரை மூட்டைகளுக்கான பைகள் இதன் ஓலையிலேயே முடையப்பட்டன. செயிண்ட் பிலிப்புக்கு மேலுள்ள மார் லோங் காடு, தீவின் தாழ்நில மழைக்காடுகளில் எஞ்சியிருக்கும் சிறு பகுதியாகும்.

மேற்கு: பவளக் கரை

செயிண்ட் பியேருக்குப் பின் நிலம் வறண்டு, வெயில் மிகுகிறது. எதாங் சாலேயில் கரிய மணற்கரையும், செயிண்ட் லே அருகே அலையின் அழுத்தத்தால் பாறைத் துளை வழியாக நீர் பீறிட்டெழும் இடமும் உள்ளன. எர்மித்தாஜ் பகுதியில் பவளத்திட்டு கரையைக் காத்து, அமைதியான நீர்ப்பரப்பை உண்டாக்கியுள்ளது. 2011-க்குப் பின் நிகழ்ந்த சுறாத் தாக்குதல்களைத் தொடர்ந்து, பவளத்திட்டுக்கு வெளியே குளிப்பதும் அலைச்சறுக்கும் 2013-இல் அரசாணையால் கட்டுப்படுத்தப்பட்டன. அடுத்துள்ள செயிண்ட் பால், தீவில் மக்கள் முதன்முதலாகக் குடியேறிய இடமாகும். லெ போர் துறைமுகத்தையும் லா பொசெசியோனையும் தாண்டி, பாறைச் சுவர்ப் பகுதி வழியாகச் சாலை மீண்டும் தலைநகரை அடைகிறது.

எரிமலைக் குழம்பும் சாலையும்

கிரான் புரூலேயில் சாலை பலமுறை குழம்பால் மூடப்பட்டுள்ளது. அண்மைக் காலத்தில் இவ்வாறு நிகழ்ந்த ஆண்டுகளுள் 2002, 2004, 2005, 2007 ஆகியவை குறிப்பிடத்தக்கவை.

இவற்றுள் 2007-ஆம் ஆண்டு வெடிப்பு மிகப் பெரியது. ஏப்ரல் 2 அன்று, கடல்மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரத்திலேயே, அடைப்பின் தெற்குச் சுவருக்கு அருகில் நிலம் பிளந்தது. பிளவு தாழ்வாக இருந்தமையால், குழம்பு சில மணி நேரத்திலேயே சாலையைக் கடந்து கடலில் விழுந்தது. எரிமலைக்குள் இருந்த குழம்பு பேரளவில் வெளியேறியதால், உச்சியிலுள்ள தொலோமியே வாய் ஆதரவிழந்து, சில நாள்களில் 300 மீட்டருக்கும் மேலாக உள்வாங்கியது. மே 1 வரை நீடித்த இவ்வெடிப்பில் சாலை ஒரு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அகலத்திற்குப் புதைந்தது. சில இடங்களில் குழம்பின் தடிமன் பல பத்து மீட்டர்களாக இருந்தது. கடலுக்குள் புதிய நிலமும் உருவாகித் தீவின் பரப்பு சற்று கூடியது.

அவ்வாண்டில் வளையத்திற்கு ஏற்பட்ட சேதம் இது மட்டுமன்று. ஐந்து வாரங்களுக்கு முன்னர், பிப்ரவரி இறுதியில், கமேத் புயல் தீவைக் கடந்தது. மலைப்பகுதியில் நான்கு நாள்களில் 4,900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பதிவானது. இது உலகச் சாதனையாகும். வெள்ளத்தில் தேசிய நெடுஞ்சாலை 1-இல் செயிண்ட் எத்தியேன் ஆற்றின் பாலம் பிப்ரவரி 25 அன்று இடிந்து விழுந்தது. எனவே 2007-இன் ஒரு பகுதி முழுவதும் வளையம் தென்மேற்கில் பழுதுபட்டும் தென்கிழக்கில் முற்றிலும் அறுபட்டும் கிடந்தது. ஆற்றின் மீது புதிய பாலம் 2013-இல் திறக்கப்பட்டது.

கிரான் புரூலேயில் சாலை அறுபடும்போது புவா பிளானும் திராம்பிளேயும் ஒன்றுக்கொன்று எட்டாத ஊர்களாகிவிடுகின்றன. சாதாரண நாள்களில் அடுத்தடுத்த ஊர்களான இவற்றுக்கிடையே செல்ல, செயிண்ட் பியேர் வரை சென்று, தீவின் நடுவே மேட்டுச் சமவெளிகளைக் கடக்கும் தேசிய நெடுஞ்சாலை 3 வழியாகச் செயிண்ட் பெனுவாவை அடைந்து, மீண்டும் தெற்கே வர வேண்டும். இது 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட சுற்று ஆகும்.

1977 நிகழ்வின் விளைவாக, அதற்கு ஈராண்டுகளுக்குப் பின் எரிமலைக் கண்காணிப்பு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. நில அதிர்வுகள், நிலத்தின் வீக்கம், வளிமங்கள் ஆகியவற்றை அது இடைவிடாது அளந்து வருகிறது. ஆதலால் வெடிப்புகள் பெரும்பாலும் முன்கூட்டியே உணரப்பட்டு, எரிமலை மீதான பாதைகள் மூடப்படுகின்றன.

சாலையை மீளமைக்கும் முறை

குழம்பு மூடிய சாலையைத் தோண்டி எடுப்பது வழக்கமன்று. உறைந்த பாறையின் மேலேயே புதிய சாலை போடப்படுகிறது. முதலில் கனரக எந்திரங்கள் மேற்பரப்பின் கூர்மையான பாறைகளை உடைத்துச் சமப்படுத்துகின்றன. உடைந்த கற்களே அடித்தளமாக நிரப்பப்பட்டு, அதன்மேல் தார் இடப்படுகிறது.

இதில் உள்ள முதன்மையான சிக்கல் வெப்பமாகும். உறைந்த குழம்புப்பாறை வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஆகவே மேலோடு சில நாள்களில் நடக்குமளவுக்கு ஆறினாலும், தடித்த பாய்வின் உட்பகுதி பல ஆண்டுகள் சூடாகவே இருக்கும். 2007-ஆம் ஆண்டுப் பாய்வின் மீது சாலை மீண்டும் திறக்கப்பட்ட பின்னரும், மழை நாள்களில் விரிசல்கள் வழியாக உள்ளிறங்கிய நீர் ஆவியாகி, சாலையின் இருபுறமும் வெண்புகையாக எழுவது பல ஆண்டுகள் காணப்பட்டது.

ஒவ்வொரு முறையும் சாலை முன்பிருந்ததைவிடச் சற்று உயர்ந்த மட்டத்தில் அமைகிறது. பழைய சாலைகள் அடுக்கடுக்காகக் கீழே புதைந்துள்ளன.

பாறைச் சுவரும் கடல் மீதான சாலையும்

வடமேற்குப் பாறைச் சுவர், குழம்பும் சாம்பலும் மாறி மாறிப் படிந்த அடுக்குகளால் ஆனது. மழைநீர் அடுக்குகளுக்கிடையே புகுந்து கற்களைத் தளர்த்துகிறது. சாலைக்கு மேலே இரும்பு வலைகள் கட்டப்பட்டும் கற்கள் விழுவது நிற்கவில்லை. எனவே பலத்த மழைக்குப் பின் பாறையை ஒட்டிய இரு வழிகளை மூடிவிட்டு, கடலோர இரு வழிகளில் மட்டும் எதிரெதிர்ப் போக்குவரத்தை அனுமதிக்கும் முறை பின்பற்றப்பட்டது. தலைநகருக்கும் துறைமுகத்திற்கும் இடையே நாள்தோறும் பல்லாயிரக்கணக்கான வண்டிகள் செல்லும் சாலை இது என்பதால், ஒவ்வொரு மூடலும் நெடிய நெரிசலை உண்டாக்கியது. 2006 மார்ச் 24 அன்று பாறையின் பெரும்பகுதி சரிந்து சாலையில் விழுந்ததில் இருவர் உயிரிழந்தனர்.

இதனைத் தொடர்ந்து, சாலையைப் பாறையிலிருந்து விலக்கிக் கடலுக்குள்ளேயே அமைக்கும் திட்டம் மேற்கொள்ளப்பட்டது. இதன் முதன்மைப் பகுதி, கரைக்கு இணையாகக் கடலில் 48 தூண்கள் மீது நிற்கும் சுமார் 5.4 கிலோமீட்டர் நீளப் பாலமாகும். தூண்களையும் தளத்துண்டுகளையும் நிறுவ, கால்களை ஊன்றிக் கடலில் நிற்கக்கூடிய பெருமிதவை ஒன்று பயன்படுத்தப்பட்டது. அதற்குக் கிரியோல் மொழியில் கணவாயினத்தைச் சேர்ந்த எண்காலியைக் குறிக்கும் "சூரித்" என்ற பெயர் சூட்டப்பட்டது. பாலம் 2022 ஆகஸ்ட் மாதம் ஒரு திசைக்கும், 2023-இல் இரு திசைகளுக்கும் திறக்கப்பட்டது.

கிராண்ட் சலூப்புக்கும் லா பொசெசியோனுக்கும் இடைப்பட்ட எஞ்சிய பகுதியைக் கடலில் கல்லணையாக எழுப்புவதே முதல் திட்டமாக இருந்தது. அதற்கு வேண்டிய பெரும் பாறைகள் போதிய அளவில் கிடைக்கவில்லை. புதிய கல்லுடைப்புக் களங்களுக்கு எதிர்ப்பும் வழக்குகளும் எழுந்தன. எனவே அப்பகுதியையும் பாலமாகவே அமைக்க முடிவு செய்யப்பட்டது.

ஒரே வளையத்தின் இரு முனைகளிலும் நேர் எதிரான தீர்வுகள் பின்பற்றப்படுவதைக் காணலாம். வடமேற்கில் நெரிசல் மிகுதி, மாற்றுவழி அரிது, ஆபத்து எந்நொடியிலும் உயிரைப் பறிக்கக்கூடியது. ஆகவே பெரும் பொருட்செலவில் சாலை இடம் மாற்றப்பட்டது. தென்கிழக்கில் குழம்பு எங்கு வரும் என அறுதியிட முடியாது. வருகின்ற அளவைத் தடுக்கும் சுவரும் கட்ட இயலாது. ஆனால் அது பெரும்பாலும் மனிதர் விலகிக்கொள்ளும் வேகத்திலேயே வருகிறது. அங்கு ஆள் நடமாட்டமும் குறைவு. ஆகவே சாலையை இழப்பதும் மீண்டும் போடுவதும் பராமரிப்பின் ஒரு பகுதியாகவே ஏற்கப்பட்டுள்ளன.

தமிழர் தொடர்பு

ரீயூனியனில் அடிமை முறை 1848 டிசம்பர் 20 அன்று ஒழிக்கப்பட்டது. அதன்பின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பல்லாயிரக்கணக்கானோர் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டனர். சென்னை, புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களில் கப்பலேறிய இவர்களுள் தமிழர்களே மிகுதி. சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்களாயினும், இவர்களின் வழித்தோன்றல்கள் தீவில் "மலபார்" என்றே அழைக்கப்படுகின்றனர்.

கப்பலில் வந்தோர் தோட்டங்களுக்கு அனுப்பப்படுமுன், நோய்த் தடுப்பிற்காக வடமேற்குப் பாறைச் சுவரின் நடுவிலுள்ள கிராண்ட் சலூப் பள்ளத்தாக்கில் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டனர். ஒருபுறம் கடலும் மற்ற பக்கங்களில் மலையும் சூழ்ந்த இவ்விடம் அதற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டது. அக்கட்டடங்களுள் ஒரு பகுதி புதுப்பிக்கப்பட்டு நினைவிடமாகப் பேணப்படுகிறது. பழைய தொடர்வண்டி நிலையமும் அருகிலேயே உள்ளது. சுற்றுச்சாலையில் விரைபவர்கள் எளிதில் கவனியாமல் கடந்துவிடும் இடம் இது. எனினும், தீவின் தமிழ் வழித்தோன்றல்கள் பலருடைய முன்னோர் இம்மண்ணில் முதன்முதலில் தங்கிய இடம் இதுவே.

வடகிழக்கில் செயிண்ட் அந்திரே வட்டாரத்தில் தமிழ் வம்சாவளியினர் மிகுதியாக வாழ்கின்றனர். சாலையிலிருந்தே வண்ணக் கோபுரங்களைக் காணலாம். தீமிதித் திருவிழாக்கள் இன்றும் நடைபெறுகின்றன. சாலையோரங்களில் காணப்படும் சிவப்பு வண்ணச் சிறு மாடங்கள் அம்மன் கோயில்கள் போலத் தோன்றினாலும், அவை பெரும்பாலும் புனித எக்ஸ்பெதி என்னும் கத்தோலிக்கப் புனிதருக்குரியவை ஆகும்.

பயணக் குறிப்புகள்

பிரான்சில் உள்ளதுபோல் இங்கும் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்கின்றன. நெரிசல் இல்லாத நாளில் வளையத்தை நிறுத்தாமல் சில மணி நேரத்தில் சுற்றிவிடலாம். இடங்களைப் பார்த்துச் செல்ல ஒரு முழு நாளேனும் தேவைப்படும். கிழக்குக் கரையில் பிற்பகலில் முகில் சூழ்வது வழக்கமாதலால், காலையில் கிழக்கிலிருந்து தொடங்குவது ஏற்றது.

டிசம்பர் முதல் மார்ச் வரையான மாதங்களில் புயல் எச்சரிக்கை விடுக்கப்பட்டால் சாலைகள் மூடப்படலாம். பள்ளத்தாக்கு ஓடைகளில் நீர் புரளும்போது தரைப்பாலங்களைக் கடப்பது ஆபத்தானது. உறைந்த குழம்பின் மேலோடு கண்ணாடி போல் கூர்மையானது. உள்ளே வெற்றிடங்கள் இருப்பதால் சில இடங்களில் உடைந்து விழவும் கூடும். குழம்பு கடலில் கலக்கும் இடத்தில் எழும் வெண்முகில் நீராவி மட்டுமன்று. அதில் அமிலமும் நுண்ணிய கண்ணாடித் துகள்களும் கலந்திருக்கும். எனவே அறிவிக்கப்பட்ட எல்லைக்கு வெளியே நின்றே அதனைக் காண வேண்டும்.